ஓதத்துக்குப் பட்டியல் உண்டு, கூலிக்கு இல்லை

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே மும்பை மாநகராட்சி ஒரு பட்டியலை வெளியிட்டுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் என்பது அதில் இருக்கும். ஏறத்தாழ இருபது நாள்கள். பத்திரிகைகள் அதைக் கட்டம் கட்டி அச்சிடும். தாராவியில் என் வீட்டு அடுப்படிச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் அதை வெட்டி ஒட்டிவைப்பது என் வழக்கம். கடல் ஏறுவதும் வற்றுவதும் நிலவும் சூரியனும் போடுகிற கணக்கு என்பதால் நிமிடம் பிசகாமல் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதம் மும்பையில் பெரும்பாலும் நண்பகல் வாக்கிலும் நள்ளிரவு வாக்கிலும் ஏறும். பகல் ஓதம் உச்சத்துக்கு வரும்போது ஊரே வேலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த நேரத்தில் கனமழையும் சேர்ந்துகொண்டால் நகரம் நின்றுவிடும். மும்பையின் மழைநீர் வடிகால்கள் கடலிலும் கழிமுகங்களிலும் போய் முடிகின்றன. அவற்றில் பலவற்றின் வாய், ஓதம் ஏறும் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடல்நீர் உள்ளே வராமல் இருக்க மதகை இறக்க வேண்டும். மதகை இறக்கினால் மழைத்தண்ணீர் வெளியே போக முடியாது. பம்பு வைத்து இறைத்தால்தான் உண்டு. இல்லையென்றால் கடல் வற்றும்வரை, அதாவது நாலைந்து மணி நேரம், தண்ணீர் தெருவில் நிற்கும். தெருவைவிடத் தாழ்ந்த வீடுகளிலும் நிற்கும்.

தேதியும் நேரமும் தெரிந்த இந்த ஆபத்தில், அன்றாடக் கூலிக்காரர்களின் ஒருநாள் வருமானம் ஏன் ஒவ்வொரு முறையும் பறிபோக வேண்டும் என்பதுதான் என் கேள்வி. விடுமுறை விடத்தான் வேண்டுமென்றால் அதை முந்தின நாளே சொல்லுங்கள். அந்த விடுமுறைக்குக் கூலியும் கொடுங்கள். இந்த இரண்டையும் நான் சலுகையாகக் கேட்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றேன். எங்கள் சீமையில் ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழையைவிட இந்த நகரத்தில் ஒரே ஜூலை மாதத்தில் அதிகம் பெய்கிறது. சாந்தாக்ரூஸ் மழைமானியின் கணக்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சராசரியாக 2,300 மில்லிமீட்டர். அரபிக்கடலில் ஈரம் குடித்து வரும் தென்மேற்குக் காற்று கிழக்கே சகியாத்திரி மலையில் முட்டி மேலேறுகிறது. வழியில் இருக்கும் ஊர் இது. மழை எங்களுக்குப் பகையில்லை. இங்கே குடிக்கிற தண்ணீர் முழுவதும் அதுதான். விகார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைத்தர்ணா, நடு வைத்தர்ணா, பாத்சா என்று ஏழு ஏரிகள் இந்த நான்கு மாதத்தில் நிறைந்தால்தான் அடுத்த ஜூன் வரை குழாயில் தண்ணீர் வரும். ஜூலையில் நாளிதழைப் பிரித்ததும் ஏரி மட்டத்தைத்தான் முதலில் பார்ப்போம்.

ஆனால் மழை பெய்கிற விதம் மாறிவிட்டது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் தலைமையில் 2017-ல் வெளிவந்த ஆய்வு, 1950-க்கும் 2015-க்கும் இடையில் மத்திய இந்தியாவில் பரவலான அதிதீவிர மழை நிகழ்வுகள் மும்மடங்கு கூடியிருப்பதைக் காட்டியது. பருவமழை மும்பைக்கு வரும் வழக்கமான தேதி ஜூன் 11. 2025-ல் அது மே 26-ஆம் தேதியே வந்து நின்றது. கொலாபாவில் அந்த மே மாதம் பதிவான மழை 295 மி.மீ.; 1918-ஆம் ஆண்டு மே மாதச் சாதனையை முறியடித்த அளவு. வாய்க்கால்களில் தூர் வாரும் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. கூரைமேல் நீல நிறத் தார்ப்பாய் போடும் வேலையை எங்கள் சந்தில் பாதி வீடுகள் தொடங்கக்கூட இல்லை. தார்ப்பாய் வாங்குவதற்கென்று ஏப்ரல், மே மாதங்களில் சிறுகச் சிறுகச் சேர்ப்பார்கள். மழை இரண்டு வாரம் முந்தி வந்தால் அந்த இரண்டு வாரச் சேமிப்பு இல்லாமலே போகிறது.

மும்பையின் பழைய வடிகால்கள் நூறாண்டைத் தாண்டியவை. கடல் வற்றியிருக்கும்போது மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்கும் அளவுக்குக் கட்டப்பட்டவை. பெய்வதில் பாதியை மண் குடித்துவிடும் என்பது அன்றைய கணக்கு. இன்றைக்கு மண் எங்கே இருக்கிறது? வடிகால் திறனை மணிக்கு 50 மி.மீ.யாக உயர்த்தும் பிரிம்ஸ்டோவாட் அறிக்கை 1993-லேயே கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் அது பெரும்பாலும் தாளில் கிடந்தது. 2005 ஜூலை 26 வந்த பிறகுதான் பலருக்கும் அது நினைவுக்கு வந்தது.

அந்த நாளைப் பற்றி மும்பைக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை உண்டு. நான் பள்ளியில் பிள்ளைகளோடு இருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் வானம் இருட்டியது. மாலை நான்கு மணி வாக்கில் கடலும் ஏறியது. அழைத்துப்போக வர முடியாத பெற்றோர்களின் பிள்ளைகளை மாடி வகுப்பறையில் உட்காரவைத்து இரவெல்லாம் விழித்திருந்தோம். சாந்தாக்ரூஸில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 944 மி.மீ. பதிவானது. அதே நாளில் தெற்கே கொலாபாவில் 75 மி.மீ.கூட இல்லை. நகரத்தில் மட்டும் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சாந்தாக்ரூஸ், கொலாபா மழை அளவுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

எங்கள் பக்கத்தில் ஓடுவது மித்தி ஆறு. விகார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் பிறந்து, சாக்கிநாக்கா, குர்லா வழியாக விமான ஓடுபாதைக்கு அடியில் புகுந்து, தாராவியை உரசிக்கொண்டு மாஹிம் கழிமுகத்தில் சேர்கிறது. மொத்த நீளம் பதினெட்டு கிலோமீட்டர்தான். கரையிலிருந்த அலையாத்திக் காட்டையும் சதுப்பையும் தூர்த்து பாந்த்ரா–குர்லா வணிக வளாகத்தை எழுப்பினார்கள். ஆறு குறுகியது. 2005-க்குப் பிறகு அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், சுவர் எழுப்பினார்கள், பெரும் பணம் செலவானது. அந்தத் தூர்வாரலில் முறைகேடு நடந்ததாக 2025 மே மாதம் மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்திருக்கிறது. வழக்கு அதன் வழியில் நடக்கட்டும். பிரிம்ஸ்டோவாட்டில் திட்டமிட்ட எட்டுப் பம்பு நிலையங்களில் ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ், கிளீவ்லேண்ட், பிரிட்டானியா, கஜ்தர்பாந்த் என ஆறு ஓடுகின்றன. மோக்ராவும் மாஹூலும் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. பரேலுக்கும் தாதருக்கும் இடையிலுள்ள ஹிந்த்மாதாவில் நிலத்தடித் தொட்டிகள் கட்டியதால் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் வடிகிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன். செய்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

வடிகால் பேச்சில் விடுபட்டுப்போவது மழை நாளின் வருமானக் கணக்கு.

தாராவியில் இட்லி சுடும் குடும்பங்கள் நிறைய உண்டு, பெரும்பாலும் தென்மாவட்டத்துக்காரர்கள். எங்கள் சந்தில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். முந்தின நாள் மதியம் அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவார். சாயங்காலம் கிரைண்டர் ஓடும். அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றும். ஐந்தரைக்கெல்லாம் அவருடைய ஆள்கள் அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தபடி கிளம்பிவிடுவார்கள். மாநகராட்சி காலை ஏழு மணிக்கு "இன்று விடுமுறை" என்று அறிவித்தால் அந்தச் செய்தியால் அண்ணாச்சிக்கு ஒரு பயனும் இல்லை. அரிசி போய்விட்டது, எரிவாயு போய்விட்டது, ஆள்கூலி போய்விட்டது. தெருவில் வாங்க ஆளில்லை. "முந்தின நாள் மத்தியானமே சொன்னா நான் பாதிதானே ஊறப்போடுவேன் டீச்சர்" என்று அவர் கேட்டதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை எந்த நிபுணரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முந்தின நாளே சொல்ல முடியுமா? முடியும். ஓதத்தின் நேரம் மே மாதத்திலேயே தெரிகிறது. மழையைப் பார்க்க கொலாபாவிலும் வேராவலியிலும் டாப்ளர் ரேடார்கள் உள்ளன. 2020 ஜூனில் தொடங்கிவைத்த ஐஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு, எந்த வார்டில் தண்ணீர் நிற்கக்கூடும் என்பதை ஆறு முதல் எழுபத்திரண்டு மணி நேரம் முன்கூட்டியே மதிப்பிட அமைக்கப்பட்டது. அரசாங்கப் பணத்தில் உருவான இத்தனை கருவிகளும் கையில் இருக்க, பிள்ளைகள் நனைந்துகொண்டு பள்ளிக்கு வந்துசேர்ந்த பிறகு விடுமுறைச் செய்தி வருவதைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தேன். அவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது. வீட்டில் அம்மா வேலைக்குப் போயிருப்பாள். சந்தில் முழங்கால் தண்ணீர், அதில் எந்தச் சாக்கடை மூடி திறந்து கிடக்கிறது என்று தெரியாது.

2025 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மதிய ஷிப்ட் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தார்கள். மறுநாள் அரசு அலுவலகங்களையும் மூடி, தனியார் நிறுவனங்களை வீட்டிலிருந்து வேலை வாங்கச் சொன்னார்கள். 19-ஆம் தேதி மாலை மைசூர் காலனி பக்கம் மோனோ ரயில் பாலத்தின்மேல் நின்றுபோய் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களை ஏணி வைத்து இறக்க வேண்டியிருந்தது. புறநகர் ரயில் நின்றதால் இருந்த ஒரே வழியில் எல்லோரும் ஏறினார்கள். விடுமுறை நாளில் அத்தனை பேர் ஏன் வெளியே வந்தார்கள் என்று தொலைக்காட்சியில் ஒருவர் கேட்டார். வீட்டிலிருந்து வேலை என்பது கணினி முன்னால் உட்காருகிறவர்களுக்கானது. பாத்திரம் தேய்க்கப் போகிற அக்கா, கட்டடத்து வாட்ச்மேன், கடைப்பையன், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற இளைஞன், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி இவர்களுக்கெல்லாம் விடுமுறை என்றால் சம்பளம் இல்லை என்று பொருள். அதனால்தான் கிளம்புகிறார்கள். தண்டவாளத்தில் நடந்து சயானுக்கும் குர்லாவுக்கும் போகிறார்கள். மறுநாள் அதை மும்பையின் மனவுறுதி என்று எழுதுகிறார்கள். அந்தப் பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை. போகாவிட்டால் அடுப்பெரியாது என்பவர்களின் நடையை வீரம் என்று புகழ்வது, அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தட்டிக்கழிக்கத்தான் உதவுகிறது.

வெள்ளம் வராத மழை நாளும் வருமானத்தை அரிக்கிறது. அப்பளம் இடுகிற பெண்கள் பிசைந்த மாவை வாங்கிவந்து வீட்டில் வட்டமிட்டு, கவிழ்த்த பிரம்புக் கூடைமேல் வெயிலில் காயவைத்துக் கிலோ கணக்கில் கூலி வாங்குபவர்கள். வெயில் இல்லாத ஜூலையில் அடுப்பங்கரைச் சூட்டில் காயவைக்கப் பார்க்கிறார்கள், பாதிகூடத் தேறாது. குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் பானை காயாது. பழைய அட்டைப்பெட்டி சேகரிப்பவரின் சரக்கு ஊறிப்போகும். வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டு, அந்த ஈரத்துக்கு அடியிலேயே பிள்ளைகள் படுத்துத் தூங்கும். சுவரில் கரும்பூஞ்சை படரும். நான் பாடம் எடுத்த நாள்களில் ஆகஸ்ட் வந்தால் வகுப்பில் இருமல் ஓயாது. பிள்ளைகளின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறவே ஆறாது. வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக் காய்ச்சல் வரக்கூடும் என்றும், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்க வேண்டும் என்றும் மாநகராட்சி ஆண்டுதோறும் அறிவிக்கிறது. நல்ல அறிவிப்பு. ஒருநாள் கூலியை ஏற்கெனவே இழந்தவள் மாத்திரை வாங்கக் கூட்டத்தில் நிற்க இன்னொரு அரைநாளை இழக்க வேண்டும் என்பதால் போவதில்லை. நான் பலரை வற்புறுத்திக் கூட்டிப்போயிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போடுகிறார்கள். சாலை உயர உயர வீடு தாழ்கிறது. வீட்டுக்காரர் கடன் வாங்கி மண் கொட்டித் தரையை உயர்த்துகிறார். சில ஆண்டில் மறுபடி சாலை உயர்கிறது. எங்கள் சந்தில் மூன்று முறை தரை உயர்த்திய வீட்டில் இப்போது பெரியவர்கள் நிமிர்ந்து நிற்க முடியாது. மாளா என்று சொல்லும் பரணில்தான் ஜூன் முதல் செப்டம்பர் வரை ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், அரிசிப் பானை எல்லாம் இருக்கும். சாலை மட்டத்தை உயர்த்தக் கூடாது என்பதற்குப் பணம்கூட வேண்டாம். ஒப்பந்தக்காரரை மேற்பார்வையிட ஒரு பொறியாளர் வந்து நின்றால் போதும்.

இனிக் கூலிக்கு வருகிறேன். அகமதாபாத்தில் தலைமையகம் கொண்ட சேவா, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கம். வெயிலுக்காக அவர்கள் ஒரு காப்பீடு செய்தார்கள். வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டி நீடித்தால், விண்ணப்பமோ நட்டத்துக்கான ரசீதோ கேட்காமல் உறுப்பினரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போய்விடும். 2024 கோடையில் பல்லாயிரம் பெண்களுக்கு அப்படிப் போனது. தொகை சிறியதுதான். ஆனாலும் வெயிலில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாம் என்று முடிவெடுக்க அது ஒரு பிடிமானம். மும்பை மழைக்கு அதே ஏற்பாட்டைச் செய்ய எல்லாம் தயாராக இருக்கிறது. வானிலைத் துறையின் அளவுகோலில் ஒரு நாளில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்தால் அதிகனமழை. மாநகராட்சி நகரம் முழுக்கத் தானியங்கி மழைமானிகளை நட்டு, கால்மணிக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. 2005-ல் சாந்தாக்ரூஸ் மூழ்கியபோது கொலாபா நனைய மட்டும் செய்தது என்று சொன்னேனே, அதனால் நகரத்துக்கு ஒரே அளவு என்று வைக்கக் கூடாது. வார்டு வாரியாக வைக்க வேண்டும். உன் வார்டு மழைமானி இந்த அளவைத் தாண்டியது, அல்லது உனக்கு முந்தின நாளே விடுமுறை அறிவித்தார்கள் என்றால், ஒருநாள் குறைந்தபட்சக் கூலி உன் கணக்கில் வரும். இவ்வளவுதான் ஏற்பாடு.

இப்படியே போனால் நகரம் மாதத்தில் பாதி நாள் மூடிக்கிடக்கும் என்று வணிகர்கள் சொல்லலாம். பெரிய ஓதமும் சிவப்பு எச்சரிக்கையும் பகலில் ஒன்றுசேரும் நாள்கள் ஓராண்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டு வெயில் அடித்த நாள்களும் உண்டு என்பார்கள், உண்மை. அப்படி ஒரு நாள் வீணானால் அதன் செலவைத் தாங்க மாநகராட்சிக்குத் தெம்பு இருக்கிறது. அண்ணாச்சிக்கும் அப்பளம் இடுகிற அக்காவுக்கும் இல்லை. உயிருக்கு வரும் ஆபத்தையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 ஜூலை 2-ஆம் தேதி நடுநிசிக்குப் பிறகு மலாட் பிம்ப்ரிபாடாவில் நீர்த்தேக்கச் சுற்றுச்சுவர் குடிசைகள்மேல் விழுந்தது. 2021 ஜூலை 18 அதிகாலை செம்பூர் பாரத் நகரில் இன்னொரு சுவர். எச்சரித்தும் ஏன் வெளியேறவில்லை என்று இறந்தவர்களைக் கேட்கிறார்கள். வாடகைக்கு வேறு இடம் பார்க்கக் கையில் பணம் இருந்திருந்தால் யார் அந்தச் சுவருக்கடியில் படுத்திருப்பார்கள்?

பணமில்லாதவர்களை ஆபத்தான இடத்துக்குத் தள்ளுவது இனியும் தொடரப்போகிறது. தாராவி மறுசீரமைப்பில் தகுதியில்லாதவர்கள் என்று ஒதுக்கப்படுபவர்களைக் குடியமர்த்த முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளில் 250 ஏக்கருக்கு மேல் உப்பளநிலத்தைக் கொடுக்க மத்திய அரசு 2024-ல் ஒப்புக்கொண்டது. உப்பளம் என்பது ஓதமும் மழைநீரும் வந்து தங்கிப் போகிற தாழ்நிலம். மித்திக் கரைச் சதுப்பைத் தூர்த்ததால் என்ன ஆனது என்று பார்த்த பிறகும், தாராவியிலிருந்து வெளியேற்றப்படும் ஏழைகளை இன்னொரு தாழ்நிலத்தில் கொண்டுபோய் வைக்கும் இந்தத் திட்டத்தை நான் எதிர்க்கிறேன். அங்கே போகப்போகிறவர்களில் என் பழைய மாணவர்களும் இருப்பார்கள்.

மழைநாள் கூலிக்குப் பணம் எங்கே என்று கேட்க முடியாது. நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி மும்பையுடையது. 2025–26 நிதியறிக்கையின் மதிப்பு 74,000 கோடி ரூபாயைத் தாண்டியது. நிதியறிக்கை பிப்ரவரியில் வருகிறது. ஓதப் பட்டியல் அதற்குப் பிறகுதான் வெளியாகிறது. எனவே மழைநாள் கூலிக்கான தொகையை ஜூனில் கேட்டுப் பயனில்லை, பிப்ரவரியிலேயே எழுதியாக வேண்டும். வார்டு அலுவலகத்தில் கொடுப்பதற்காக எங்கள் சந்துப் பெண்கள் இதை மராத்தியில் மனுவாக எழுதி, கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட வருகிறவர்கள் மறக்காமல் வார்டு எண்ணையும், போன மழையில் இழந்த நாள்களையும் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.